சேலம் – தூத்துக்குடி: ஒரு மணி பத்து நிமிடம்

ஆகஸ்ட் 11, திங்கள்

கடைக் கண்ணாடியில் புது ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. "சேலம் – தூத்துக்குடி. 340 கி.மீ. ஒரு மணி பத்து நிமிடம்." நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. கீழே சின்னதாக 'நயினார் டிராவல்ஸ்'. எதிர்ச்சாரி பேக்கரிக்காரர் இறங்கி வந்து படித்துவிட்டு, பஸ்ஸில் போனால் எட்டு மணி நேரம் ஆகிறதே, இது நிஜம்தானா என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். வானத்தில் நாமக்கல் கிடையாது, கரூர் கிடையாது, திண்டுக்கல் பைபாஸில் டீக்கு நிறுத்துவது கிடையாது. சேலத்துக்கு நேர் தெற்கே தூத்துக்குடி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே போக்கு. ஜூனில் இந்தச் சிறிய விமானம் விட்டதிலிருந்து இதே வசனத்தைத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் மாதப்பன் என்று ஒருவர் மனைவியோடு வந்தார். சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். மகளைத் தூத்துக்குடியில் கொடுத்திருக்கிறார்கள், மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் டாக்டர் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அங்கேயே வைத்துக்கொண்டார்களாம். மனைவி இந்த வாரமே பஸ்ஸில் போய் மகளுக்குத் துணையாக இருப்பார். பட்டறையை விட முடியாத மாதப்பன் மாதக் கடைசியில் விமானத்தில் போகலாம் என்று ஏற்பாடு. மனுஷன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ஏனுங்க, மேல போறப்ப பயமா இருக்குமுங்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளியை நெருப்பில் போட்டு உருக்குகிற ஆள் காற்றில் போகப் பயப்படலாமா, வேண்டுமானால் வீட்டம்மாவையும் நிறுத்திக்கொண்டு அவர் மடியில் உட்கார்ந்து போங்கள், இரண்டு பேருக்கும் டிக்கெட் ஒன்று போதும் என்றேன். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவியும் சிரித்தார். நீங்கள் போயிருக்கிறீர்களா என்று மாதப்பன் கேட்டார். போய்ப் போய் அலுத்துவிட்டது என்றேன். தொழிலில் இதெல்லாம் சொல்லத்தான் வேண்டும். மாதப்பன் ஆதார் கார்டை மறுபடியும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். டிக்கெட் போனது போகட்டும், மடி விஷயத்தை அப்புறம் வந்த இரண்டு பேரிடமும் சொல்லிச் சிரித்தாயிற்று.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தங்கை உலகம்மாள் பேசினாள். ரஞ்சனிக்கு 29ஆம் தேதி கல்யாணம். தங்கை வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. ஒற்றை ஆளாக நின்று பெண்ணைப் படிக்க வைத்து ஆளாக்கியிருக்கிறாள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். ரஞ்சனிக்குத் தாய்மாமனும் நான் ஒருவன்தான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாமன் சீர். ஊர் எல்லையில் மேளத்தோடு வந்து மாமனை எதிர்கொண்டு அழைத்துப் போவார்கள். மாமன் பட்டு கொடுத்து, பெண் கழுத்தில் முதல் மாலையைப் போட்ட பிறகுதான் நலங்கே ஆரம்பிக்கும். மாமன் இல்லாத பெண்ணுக்குப் பங்காளி முறையில் யாராவது நிற்பார்கள். அதை ஊர் பேசும்.

"இந்தத் தடவ ஊர் எல்லைல வேண்டாம்னு மாப்பிள்ள வீட்டுல சொல்லுதாங்கண்ணே. வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்கே மேளத்தோட வந்துருவோம்ங்காங்க. பிளேன்ல வந்து எறங்குத தாய்மாமன இங்க யாரு பாத்திருக்கா?"

சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். பெரியப்பா மகன் சங்கரபாண்டியின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்றாள். வேலித் தகராறில் பேச்சுவார்த்தை நின்று போனவன் அவன். புருஷன் இல்லாதவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று தெருவில் நின்று கேட்டவன். அவள் அதை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

வந்துட்டாப் போச்சு என்று சொன்னேன்.

விமானத்தின் இறக்கை தெரிகிற போட்டோவை ஜூனில் நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். அதைத் தங்கை தெருவுக்கே காட்டியிருக்கிறாள். முதல் நாள் விமானத்தில் ஏஜென்ட்களுக்கு இலவச சீட் கொடுத்தார்கள். அன்றைக்குக் கடையில் வேலை இருந்ததால் கடைப் பெண்ணை அனுப்பினேன். போட்டோ அவள் எடுத்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மனைவி கோகிலாவுக்கு இடுப்பு டிஸ்க் விலகி நான்கு மாதமாகிறது. நெடுந்தூரம் பஸ்ஸில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆக, விமானம்தான். இரண்டு டிக்கெட்டும் போட்டுவிட்டேன். 28ஆம் தேதி மதியம் ஒன்றரைக்குக் காமலாபுரம் ஏர்போர்ட்டில் ஏறினால் இரண்டே முக்காலுக்குள் வாகைக்குளம்.

காபியைக் கொடுத்துவிட்டு, "ஏங்க, நீங்களும் என்கூட ஏறுவீங்கல்ல?" என்று கேட்டாள். என்ன கேள்வி இது என்றேன். ஏற்காடு போகும்போது கண்ணை மூடிக்கொள்கிறேனாம், பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு டிக்கெட் கிழித்த பிறகு பர்ஸைத் தேடிக்கொண்டு போய்விட்டேனாம். மலைப்பாதையில் எனக்குத் தூக்கம் வரும். பர்ஸ் அன்றைக்கு உண்மையாகவே காணவில்லை. இருபத்தைந்து வருடம் கூட இருந்தவர்கள் இப்படித்தான், சம்பந்தமில்லாததை எல்லாம் முடிச்சுப் போடுவார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வயிறு சரியில்லை. ஓமத்திரவம் குடித்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் போனேன். இந்த வயதில் விமானப் பயணம் எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சும்மா கேட்டுவைத்தேன். தாராளமாகப் போகலாம், உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்றார். நன்றாகப் பாருங்கள் என்றேன். மறுபடியும் பார்த்து, இருபது வயசுப் பையன் மாதிரி இருக்கிறது என்றார். இவருக்கெல்லாம் யார் பட்டம் கொடுத்தார்களோ.

வீட்டுக்கு வரும் வழியில் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்தி, பகலில் தூத்துக்குடிக்கு எத்தனை வண்டி இருக்கிறது என்று விசாரித்தேன். வாடிக்கையாளர் யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சீர்ப் பெட்டி கட்டினோம். ரஞ்சனிக்கு அரக்குப் பட்டு, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, குத்துவிளக்கு, மஞ்சள், குங்குமம், சேலத்து மாம்பழம் இப்போது இல்லாததால் மாம்பழ மிட்டாய். மாலைக்குப் பூக்கடையில் சொல்லியாயிற்று. ரோஜாவும் சம்பங்கியும் சேர்த்துக் கட்டி, வாழைப் பட்டை வைத்து அட்டைப் பெட்டியில் கொடுப்பார்கள். மாலை நசுங்கக் கூடாது என்பதால் அதைக் கோகிலா கையில் வைத்துக்கொள்வாள்.

பெட்டியைத் தன் டிக்கெட்டில் போட்டுவிடலாம் என்றாள் அவள். நான் ஒப்பவில்லை. மாமன் சீர் மாமன் பெயரில்தான் போக வேண்டும். அத்தை பெயரில் போனால் அது அத்தை சீர். விமானப் பெட்டிக்கும் சீர் முறைக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தாள். சம்பந்தம் உண்டு என்று விடாப்பிடியாக நின்று என் பெயரிலேயே போட முடிவு செய்தேன். முறை விஷயத்தில் நான் கறார்.

தங்கை இரண்டு முறை போன் செய்துவிட்டாள். நாகஸ்வரக்காரர் ஏரலிலிருந்து வருகிறாராம். மாப்பிள்ளையின் பெரியப்பா, ரிட்டையர்டு தலைமையாசிரியர், வேன் ஏற்பாடு செய்திருக்கிறாராம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கரூர் தாண்டிவிட்டது. பஸ்ஸில் இருக்கிறேன். எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம் முடிந்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே பந்திச் சத்தம் கேட்கிறது.

நேற்று ஏர்போர்ட்டில் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கோகிலாவுக்கு அதிகம் நடக்க முடியாது என்பதால் சக்கர நாற்காலியில் எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்கள். நான் வரிசையில் வர வேண்டியவன். வர முடியவில்லை. விமானம் போய்விட்டது. ஏறாத ஆளுடைய பெட்டியை விமானத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், தேடி எடுத்து இறக்கிவிடுவார்கள். இதை வாடிக்கையாளர்களுக்கு நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். என் பெயரில் இருந்ததால் சீர்ப் பெட்டியும் என்னோடு சேலத்திலேயே இறங்கிக்கொண்டது. பட்டு என் காலடியில் பஸ்ஸில் வந்தது. மாலை மட்டும் கோகிலா மடியில் பறந்து போயிருக்கிறது.

இறங்கியதும் அவள் போன் செய்தாள். எனக்கு வயிறு என்று ஆரம்பித்தேன். "சரி, பெட்டியைப் பத்திரமா கொண்டாங்க" என்று வைத்துவிட்டாள். அவள் குரலுக்குப் பின்னால் நாகஸ்வரம் கேட்டது.

நான் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நலங்கெல்லாம் முடிந்துவிட்டது. நல்ல நேரம் தாண்டுகிறது, மாமன் வருகிற வரை காத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். பங்காளி முறையில் நிற்க அங்கே இருந்தது ஒரே ஆள். சங்கரபாண்டிதான். ஸ்ரீவைகுண்டம் கடையில் அவசரமாக ஒரு சேலை வாங்கித் தட்டில் வைத்து, நான் சேலத்தில் சொல்லிக் கட்டிய மாலையை எடுத்து ரஞ்சனி கழுத்தில் போட்டிருக்கிறான். அவனிடம் போய்க் கேட்கும் நிலைமை என் தங்கைக்கு வந்திருக்கிறது. கேட்டது அவள்தான்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். திட்டவில்லை. வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்டாள். அவள் முகத்தில் கோபத்துக்குப் பதில் பெருமை இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. மேளத்தோடு நின்ற கூட்டத்திடம், அவசர ஆபரேஷனுக்குப் போக சீட் கிடைக்காமல் அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு என் வீட்டுக்காரர் தன் சீட்டைக் கொடுத்துவிட்டார் என்று கோகிலா சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்குக் காலை தாலி கட்டி முடிந்ததும் தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார். ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்காகத் தன் ஒரே மருமகளுக்கு மாலை போடுகிற பாக்கியத்தையே விட்டுக்கொடுத்த மாமனிதர் என்றார். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. எனக்குப் பொன்னாடை போட்டார்கள். சம்பங்கி வாசம் வேறு. ரஞ்சனி மணமேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று பக்கத்தில் ஒரு அம்மாள் சொன்னது காதில் விழுந்தது.

சங்கரபாண்டி வந்து தோளில் கை போட்டான். "ஒன் எடத்துல நின்னு நான் செஞ்சுட்டேம்லா தம்பி. ஒனக்கு ஊருல ஆயிரம் சோலி இருக்கும். இவளுக்கு நாங்கல்லாம் இல்லாமயா போயிருவோம்?" என்றான். தங்கை பக்கத்தில்தான் நின்றாள்.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். வயிறு கலங்கியது என்று எழுதியிருக்கிறேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று இதிலேயும் பொய் எழுதினேன்?

வயிறு நன்றாகத்தான் இருந்தது. வரிசையில் நின்றேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் விமானம் நின்றது. இறக்கையில் பெரிய காற்றாடி. முன்னால் போனவர்கள் கைப்பிள்ளையோடு, பிரியாணிப் பொட்டலத்தோடு, போனில் பேசிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது கால் நகரவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன். ஆறுமுகநயினார் என்ற பயணி உடனே வரவும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கூப்பிட்டார்கள். யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்து மூன்று வயசு ஆள், கதவுக்குப் பின்னால். காற்றாடிச் சத்தம் கூடி, தூரமாகப் போய், நின்ற பிறகுதான் தாழை எடுத்தேன். அப்போது எனக்கு வந்தது வெட்கம்கூட இல்லை. நிம்மதி வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

கோகிலாவிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "பின்ன என்னங்க சொல்றது? மேளம் அடிக்குது. உங்க தங்கச்சி ஆரத்தித் தட்டோட நின்னுட்டு, எனக்குப் பின்னால எட்டி எட்டிப் பாக்குறாங்க. அந்த மூஞ்சியப் பாத்து நெசத்தச் சொல்ல எனக்கு வாய் வரல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாது" என்று சேர்த்துக்கொண்டாள்.

தங்கையிடம் சொல்லிவிடலாமா என்று மாடிக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவள் அடுப்படியில் நாலைந்து பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மறுபடியும் அந்தச் சீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆபரேஷன் அம்மாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் வேறு முளைத்துவிட்டார்கள். மாலையைச் சங்கரபாண்டிக்கு விட்டுக்கொடுத்த வேதனைக்கு அவளிடம் இருக்கிற ஒரே மருந்து அந்தக் கதைதான். உண்மையைச் சொல்லி அதையும் பிடுங்கிக்கொள்வதா? சொல்லாமல் பொன்னாடையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புவதா? நான் அடுப்படி வாசலில் நின்றதைப் பார்த்து, "வாண்ணே, ஒன்னப் பத்திதான் பேசுதோம்" என்றாள். திரும்பி மாடிக்கே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாளைக்கு மாமன் வீட்டு விருந்து. பொண்ணு மாப்பிள்ளையை நாங்கள் சேலத்துக்கு அழைத்துப் போக வேண்டும், தங்கையும் கூட வருகிறாள். ஐந்து பேருக்கும் விமான டிக்கெட்டை 17ஆம் தேதியே சேர்த்துப் போட்டுவிட்டேன். அப்போது பெருமையாக இருந்தது. கடையில் ஏதோ அவசரம், நான் முன்னால் பஸ்ஸில் கிளம்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. கோகிலா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

செப்டம்பர் 1, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

வாகைக்குளத்தில் சோதனை எல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தோம். கோகிலாவை முன்னால் அழைத்துப் போனார்கள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரஞ்சனியும் மாப்பிள்ளையும் போட்டோ எடுத்துக்கொண்டே போனார்கள். நான் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, பார்த்துக்கொண்டேன்.

அப்போது உலகம்மாள் என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. அவளுக்கு இதுதான் முதல் தடவை. "எனக்குப் படபடன்னு வருதுண்ணே. நீ பக்கத்துலயே வா. கைய விட்றாத" என்றாள். விட முடியவில்லை. அவள் என்னைப் பிடித்திருந்தாளா, நான் அவளைப் பிடித்திருந்தேனா என்று வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. வெயிலில் நடந்தோம். காற்றாடி இன்னும் சுற்ற ஆரம்பிக்கவில்லை. அவள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். நான் அவளுக்குப் பின்னால் ஏறினேன்.

மேலே எழும்பியபோது என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடிவிட்டேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விமானம் ஒரு தடவை குலுங்கியதும் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முன் சீட்டுப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது தங்கை ஜன்னலையே பார்க்கவில்லை. அவளுக்குப் பயம் போய்விட்டிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் நகம் அவள் மணிக்கட்டில் பதிந்திருந்தது.

"அன்னைக்கு சீட்ட யாருக்குண்ணே குடுத்த?"

மெதுவாகத்தான் கேட்டாள். கண்ணெதிரே நடுங்கிக்கொண்டிருக்கிறவன் என்ன சொல்ல முடியும்?

"யாருக்கும் குடுக்கல. பயந்துட்டேன் உலகு. கக்கூசுல ஒளிஞ்சுக்கிட்டேன்."

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சேலம் வருகிற வரை பேசவில்லை. ஒரு மணி பத்து நிமிடம் என்று நான் ஊரெல்லாம் விற்றது இவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது. நடுவில் ஒரே ஒரு தடவை, "சங்கரபாண்டி வாசல்ல போயி நின்னேண்ணே" என்றாள். அதுவும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான். விமானத்தைப் பற்றிய பயம் அதோடு எனக்குப் போய்விட்டது. விழுந்தால் விழட்டும் என்று இருந்தது.

இறங்கி நடந்து வரும்போது, மற்றவர்கள் முன்னால் போன பிறகு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஊரெல்லாம் சொல்லிட்டேன்ணே. இனிமே அத மாத்திச் சொல்ல என்னால ஆவாது. நீ அதுக்குத் தக்கன இருந்துக்க."

அவ்வளவுதான். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். சாயங்காலம் என் வீட்டில் அரக்குப் பட்டை நான் ரஞ்சனியிடம் கொடுத்தபோது, சிரித்த முகமாக நின்று தட்டைப் பிடித்தவளும் அவள்தான்.

செப்டம்பர் 3, புதன்

தங்கையை ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். அவளே ரயில் என்று சொன்னாள். பொண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் இரண்டு நாள் இருப்பார்கள்.

கடையில் ஒரு பெண்மணி வந்து காது வலிக்குமா, பயமாக இருக்குமா என்று கேட்டார். வழக்கமான வசனம் நாக்கு நுனி வரை வந்தது. எனக்கு ரொம்பப் பயமாக இருந்ததம்மா, ஆனாலும் போய் வந்தேன் என்று சொன்னேன். கடைப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பெண்மணி யோசித்துவிட்டு இரண்டு டிக்கெட் போட்டுக்கொண்டார். அவர் போன பிறகு எனக்கு மாதப்பன் ஞாபகம் வந்தது. அவர் முகம் சுருங்கியதும் ஆதார் கார்டு பைக்குள் போனதும் அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும்தான் சிரித்தேன். அவர் கேட்டது என் பயத்தை. அதைக் கடையை விட்டுத் துரத்தினால் போதும் என்று இருந்தது எனக்கு.

செப்டம்பர் 4, வியாழன்

சிவதாபுரம் போனேன். பட்டறை சின்னது. மாதப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊதுகுழலால் தீயை ஊதி, கொலுசுக்கு மணி பற்றவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போட்டார். நான் செய்த கேலிக்கு அவர் செய்த மரியாதை. உட்கார முள்ளாக இருந்தது.

மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பேரன் பிறந்திருக்கிறான், இரண்டு பேரும் சுகம் என்றார். சனிக்கிழமை முற்பகலில் திடீரென்று வலி கண்டுவிட்டதாம். மனைவி போன் செய்திருக்கிறார். கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார். அப்பா வரட்டும், அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் பிரசவ அறைக்குள் போவேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக அழுதுகொண்டே கிடந்ததாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் டாக்டர் பொறுக்கவில்லை, உள்ளே கொண்டுபோய்விட்டார். இவர் போய்ச் சேர்ந்தது ராத்திரி ஒன்பதுக்கு.

சனிக்கிழமை ஒன்றரை மணி விமானத்தில் சீட் காலியாகத்தான் போயிருக்கிறது. எனக்குத் தெரியும். அவர் மூன்றரைக்கெல்லாம் மகள் பக்கத்தில் நின்றிருப்பார்.

"புள்ள நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா எங்கிட்ட இன்னும் சரியாப் பேசலீங்க" என்று சொல்லிவிட்டு, தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் சொன்னேன். பதினோரு வருடம் டிக்கெட் விற்றவன், போன திங்கட்கிழமை வரை விமானத்தில் காலே வைத்ததில்லை என்று சொன்னேன். அலுத்துப்போனது என்றது பொய், கழிப்பறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு நின்றவன் நான் என்று சொன்னேன். பேரனைப் பார்க்க அடுத்து எப்போது போகிறாரோ அப்போது நானும் பக்கத்து சீட்டில் வருகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, நீங்களும் பயந்தவருதான்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ஏறியிருப்பனுங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவர் வருத்தமாகத்தான் சொன்னார்.